காணாத நேயரை மதித்த குரல்



மன்னர்களின் வரலாறு கல்லிலும் செப்பேட்டிலும் எழுதப்பட்டது. புலவர்களின் வரலாறு ஏட்டில் எழுதப்பட்டது. காற்றிலே பேசிக் காற்றிலே கலந்துபோன ஒருவரின் வரலாற்றை எதில் எழுதுவது? கேட்டவர் நெஞ்சிலன்றி அதற்கு வேறிடமில்லை. அத்தகைய ஒருவரைப் பற்றியே இப்பொழுது உங்களோடு பேச விழைகின்றேன். அவர் இந்தியர், பம்பாய் நகரத்தவர், இந்துஸ்தானி மொழியிலே பேசியவர். எனினும் அவர் குரல் ஆசியாவெங்கும் பரவியது நமது இலங்கைத் தீவிலிருந்துதான். அமீன் சயானி என்பது அவர் பெயர்.

இந்நாளிலே தொலைக்காட்சித் திரையில் நடிகரும் பாடகரும் தோன்றி நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்குவதை இல்லந்தோறும் காண்கின்றோம். சிறந்த தொகுப்பாளருக்கு வேண்டுவன யாவை என்று மாணவரை வினவினால், அழகிய தோற்றம், இனிய குரல், விரைந்து வரும் நகைச்சுவை என்று விடை கூறுவர். இவை வேண்டுவனவே. ஆயினும் இவற்றுக்கெல்லாம் அடியில் வேறொன்று இருத்தல் வேண்டும். தாம் ஒருபோதும் நேரிற் காணப்போகாத நேயரை, அவர் எழுத்தறியாதவராயினும், தமக்குச் சமமானவராக எண்ணிப் பேசும் பண்பே அது. சயானியின் வாழ்வு இதற்கொரு சான்று. ஊவா மலைகளில் வாழும் நமக்கு அச்சான்று சிறப்பாகப் பொருந்துவதுண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1932ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 21ஆம் நாள் அமீன் சயானி பம்பாயிலே பிறந்தார். தந்தையார் மருத்துவர். தாயார் குல்சும் சயானி முதியோர் கல்விக்காகத் தம் வாழ்வை ஒப்புவித்த பெருமாட்டியார். வீடு வீடாகச் சென்று, முகத்திரைக்குப் பின்னே வாழ்ந்த பெண்களுக்கு எழுத்தறிவித்தவர். 1940இல் காந்தியடிகளின் விருப்பத்துக்கிணங்க ‘ரஹ்பர்’ என்னும் சிறு இதழொன்றைத் தொடங்கினார். ‘வழிகாட்டி’ என்பது அச்சொல்லின் பொருள். புதிதாக எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியோருக்கென்றே அவ்விதழ் வெளிவந்தது. மொழி ஒன்றே, எளிய இந்துஸ்தானி. வரிவடிவமோ தேவநாகரி, உருது, குசராத்தி என மூன்று. சமயத்தாலும் எழுத்தாலும் பிரிந்து கிடந்த அயலவர் மூவரும் ஒரே செய்தியை ஒரே சொல்லிற் படித்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1960 வரை இருபது ஆண்டுகள் அவ்விதழ் நடைபெற்றது.

அவ்விதழ்ப் பணியில் சிறுவன் அமீனும் தாய்க்குத் துணைநின்றான். கடினமான சொல்லை நீக்கி எளிய சொல்லை இடுதல், நீண்ட வாக்கியத்தை இரண்டாகப் பிரித்தல், படிப்பவர் நாணாத வகையிலே ஒன்றை விளக்குதல் ஆகிய பயிற்சிகள் கல்லூரிக்குச் செல்லுமுன்னரே அவனுக்கு வாய்த்தன. பிற்காலத்திற் கோடிக்கணக்கானோர் வியந்து போற்றிய அவரது மொழிநடை, எழுத்தறியாதாரை மதித்த ஓர் அன்னையின் மேசையிலே உருவானதென்றால் அது மிகையாகாது.

வானொலிக்கு அவரை அழைத்துச் சென்றவர் தமையனார் ஹமீத் சயானி. அவர் ஆங்கில ஒலிபரப்பிற் புகழ் பெற்றவர். தம்பியும் சிறுவயதிலேயே அகில இந்திய வானொலியின் பம்பாய் நிலையத்தில் ஆங்கில நிகழ்ச்சிகளிற் பங்குபற்றலானார். ஆயின் இந்தி அறிவிப்பாளராக வேண்டிக் குரற்சோதனைக்குச் சென்றபோது அவர் தேர்ச்சி பெறவில்லை. அவருடைய உச்சரிப்பிலே குசராத்தியும் ஆங்கிலமும் மிகுதியாகக் கலந்துள்ளன என்பதே அவர்கள் கூறிய காரணம். நேயர்களே, இதனைச் சற்று மனத்திற் கொள்ளுங்கள். இந்தி ஒலிபரப்பின் முடிசூடா மன்னர் எனப் பின்னாளிற் போற்றப்பட்டவர், உச்சரிப்புச் சரியில்லை என்று முதலில் ஒதுக்கப்பட்டவரே.

அவர் மனந்தளர்ந்து இருந்துவிடவில்லை. பம்பாய்த் தூய சவேரியார் கல்லூரியில் அவர் பயின்ற காலத்திலே, இலங்கை வானொலிக்கான வணிக நிகழ்ச்சிகள் அந்நகரிற் பதிவு செய்யப்பட்டு வந்தன. அப்பதிவுகளை உற்றுக்கேட்டுப் பழகினார். ஒருநாள் ஓவல்டின் பானத்தார் வழங்கிய நிகழ்ச்சியொன்றில் விளம்பரம் படிக்க வேண்டியவர் வரவில்லை. அவ்விடத்தே இருந்த இளைஞர் சயானியைப் படிக்கச் சொன்னார்கள். படித்தார், நிலைத்தார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் வாரந்தோறும் ஒரு டின் ஓவல்டின்!

இந்திய நிகழ்ச்சிகள் இலங்கையிலிருந்து ஒலிபரப்பாக வேண்டியது ஏன் என்று நேயர்கள் வினவலாம். அதுவும் சுவையான வரலாறே. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமையகம் இலங்கையில் அமைந்திருந்தது. படைவீரருக்கென அமைக்கப்பட்ட ஒலிபரப்பு நிலையம் போர் முடிந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஏக்கலையில் நிறுவப்பட்டிருந்த 100 கிலோவாட் வலுவுள்ள சிற்றலை ஒலிபரப்பியும் உடன்வந்தது. அக்காலத்தில் இப்பகுதியில் அதற்கு நிகரான ஆற்றலுடையவை அரியன. 1950இல் வணிக ஒலிபரப்பு தொடங்கப்பட்டது. ஆங்கிலம், இந்தி, தமிழ் முதலிய மொழிகளில் நிகழ்ச்சிகள் கடல் கடந்து சென்றன. தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் முதல் அறிவிப்பாளராக விளங்கிய எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் பெயர் தமிழகத்தின் பட்டிதொட்டியெங்கும் வீட்டுப் பெயராயிற்று.

இதே வேளையில் இந்தியாவில் ஒரு மாறுதல் நேர்ந்தது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், திரைப்படப் பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பன என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் சுருங்கி ஏறத்தாழ மறைந்தே போயின. கருநாடக இசையும் இந்துஸ்தானி இசையும் வளரவேண்டும் என்ற அவரது நோக்கத்தைக் குறைகூறுவதற்கில்லை. ஆயினும் மக்கள் எதனை விரும்பவேண்டும் என்பதை ஆணையால் நிறுவ இயலுமா? மக்கள் முள்ளைச் சற்றே திருப்பினர். இலங்கை வானொலி கிடைத்தது. 1957 அக்டோபரில் ‘விவித பாரதி’ என்னும் ஒலிபரப்பைத் தொடங்கி இந்திய வானொலியே திரைப்பாடலுக்கு மீண்டும் இடமளித்தது.

இச்சூழலிலேதான், 1952 டிசம்பர் 3ஆம் நாள், ‘பினாக்கா கீத்மாலா’ என்னும் நிகழ்ச்சி இலங்கை வானொலியிற் பிறந்தது. பற்பசை நிறுவனமொன்றின் விளம்பர நிகழ்ச்சி அது. எழுத வேண்டும், பேச வேண்டும், நேயர் கடிதங்களையும் சரிபார்க்க வேண்டும். வார ஊதியமோ 25 ரூபாய். அனுபவம் மிக்க மூத்தோர் எவரும் அதற்கு உடன்படவில்லை. இருபது வயது நிரம்பச் சில நாட்களே இருந்த சயானி ஏற்றுக்கொண்டார். பம்பாயிற் பதிவு செய்த ஒலிநாடா விமானத்திற் கொழும்பு வரும். கொழும்பிலிருந்து அக்குரல் மீண்டும் இந்தியா செல்லும். ஏழு பாடல்களை ஒலிபரப்பி, அவற்றை வரிசைப்படுத்தி எழுதும்படி நேயருக்குப் போட்டி வைத்தார்கள். பரிசு 100 ரூபாய். நூறோ இருநூறோ கடிதம் வந்தாற் போதும் என்றிருந்தவர்களுக்கு முதல் நிகழ்ச்சிக்கே 9,000 கடிதங்கள் வந்தன. பின்னர் வாரத்துக்கு 65,000 வரை அவை பெருகின. எண்ணி மாளாத நிலையிலே, 1954இல் போட்டியைக் கைவிட்டு, மக்கள் விருப்பத்துக்கேற்பப் பாடல்களைப் படிவரிசையிலே தரும் முறையை மேற்கொண்டார்கள். புதன்கிழமை இரவு எட்டு மணியானால் வட இந்தியக் கடைத்தெருக்களில் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து கூட்டம் நிற்கும் என்பர்.

அவர் பேச்சின் சிறப்புக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். சபையை விளிக்கும்போது ‘சகோதரர்களே, சகோதரிகளே’ என்பதே வழக்கம். சயானி அவ்வரிசையை மாற்றினார். ‘பெஹ்னோ அவுர் பாயியோ’ என்றார். ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்பது பொருள். அடுக்களையிலே அடுப்பூதிக்கொண்டு ஒரு செவியால் வானொலி கேட்கும் பெண்ணை அவர் முதலில் விளித்தார். இரண்டு சொற்களின் இடமாற்றம் சிறிய செயலே. ஆயின் கடைசியில் நிற்பவரை முதலில் நினைக்கும் உள்ளமின்றி அச்செயல் தோன்றாது. அரிய சமஸ்கிருதச் சொல்லையும் அரிய பாரசீகச் சொல்லையும் ஒருங்கே விலக்கி, தெருவிலே புழங்கும் சொல்லைத் தூய்மையாகவும் கனிவாகவும் ஒலித்தார். மக்கள் மொழியிற் பேசுதல் என்பது தரங்குறைந்து பேசுதலாகாது என்பதை ஒவ்வொரு வாரமும் மெய்ப்பித்தார்.

அவருடைய நேயர்களுள் ‘ஜும்ரி தலையா’ என்னும் ஊராரைப் பற்றிக் கூறாமல் விடலாகாது. இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்திலே, அப்பிரகச் சுரங்கங்கள் சூழ்ந்த சிற்றூர் அது. அவ்வூரார் வானொலிக்கு அனுப்பிய விருப்பக் கடிதங்களுக்கு அளவில்லை. பாடலுக்குப் பாடல் அவ்வூர்ப் பெயர் ஒலித்தது. அப்படியோர் ஊர் உண்மையிலேயே உண்டோ, அறிவிப்பாளரின் கற்பனையோ என்று ஐயுற்றவர்களும் உளர். தேசப்படத்திலே தேடினாலும் எளிதிற் புலப்படாத ஊர், வானலையில் மாநகர்களோடு சரியாசனம் பெற்றது.

இதனைப் படித்தபோது என் உள்ளம் நமது மலைகளை நாடியது. என் சிறுபிராயத்தில் லயத்துக்கு ஒரு வானொலிப் பெட்டி இருந்தாற் பெரிது. கொழுந்து நிறுத்துவிட்டு மடுவத்திலிருந்து திரும்பும் பெண்களும், மலையிலிருந்து இறங்கும் ஆடவரும் அதனைச் சுற்றி அமர்வர். தமிழ்ச் சேவையிலே நேயர் விருப்பம் ஒலிபரப்பாகும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகலை, அப்புத்தளை என ஊர்ப் பெயர்கள் வரும். சிலவேளைகளில் தோட்டத்தின் பெயரும், டிவிசனின் பெயரும், விரும்பிக் கேட்டவரின் பெயரும் தெளிவாக ஒலிக்கும். பாடலைக் காட்டிலும் அப்பெயர்களையே பலர் செவிசாய்த்துக் கேட்டனர்.

அதன் காரணத்தை அறிய வரலாற்றைப் புரட்டவேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் தோட்ட மக்களிற் பெரும்பாலார் குடியுரிமை அற்றவராயினர். அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 அக்டோபர் 30இல் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை முடிவாகவில்லை. அவர்கள் பெயர் செக்றோல் புத்தகத்தில் இருந்தது. வாக்காளர் இடாப்பில் இல்லை. நாடு தன் பிள்ளை என்று சொல்லாத ஒருவரின் பெயரை, நாட்டின் வானொலி மரியாதையோடு உச்சரித்தது. அப்பெயரைக் கேட்டவர் முகத்திலே மலர்ந்த மகிழ்ச்சியை வெறும் பாடல் மோகம் என்று எளிதிற் கூறிவிட முடியாது. அது தம்மை ஒருவர் அறிந்திருக்கின்றார் என்ற நிறைவு.

ஒப்பந்தத்தின் பின்னர்ப் பதுளையிலே புகைவண்டியேறித் தலைமன்னார் வழியாகக் கடல் கடந்தவர் பலர். அக்காள் இக்கரையிலும் தங்கை அக்கரையிலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. எனினும் இலங்கை வானொலியின் தமிழ்க் குரல் தமிழகத்திலும் கேட்டது. இரு கரையில் இருந்தோரும் ஒரே வேளையில் ஒரே குரலைக் கேட்கக்கூடியதாயிருந்தது. கடவுச்சீட்டு வேண்டாத ஒரு வழி அது. தோட்ட மக்களின் குடியுரிமைச் சிக்கலுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே இறுதித் தீர்வுக்கு வழிசெய்தது.

சயானியின் காலத்தே இலங்கை வானொலியால் உருவான மற்றொருவரையும் இங்கே நினைவுகூர்தல் தகும். அவருக்கும் நமது ஊவாவுக்கும் தேயிலை வழியே ஓர் உறவுண்டு. 1890இல் தோமஸ் லிப்டன் இந்நாட்டுக்கு வந்து அப்புத்தளைக்கு அணித்தான தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அவர் அமர்ந்து தோட்டத்தை நோக்கிய குன்றினை இன்றும் லிப்டன் ஆசனம் என்றே வழங்குகின்றோம். அவர் பெயர் தாங்கிய தேயிலை நிறுவனம் ஐம்பதுகளிலே ‘லிப்டன் கே சித்தாரே’ என்னும் நிகழ்ச்சியை இலங்கை வானொலியில் வழங்கியது. திரை நட்சத்திரங்களைச் செவ்வி காண்பதே அந்நிகழ்ச்சி. அதனை நடத்திய இளைஞர் சுனில் தத். இன்று பாகிஸ்தானிலுள்ள ஜீலம் மாவட்டத்திலே 1929இல் பிறந்து, 1947ஆம் ஆண்டுப் பிரிவினையிலே பிறந்த மண்ணை இழந்து வந்தவர். வினாத் தொடுத்துப் பிறரைப் பேசவைத்தவர், 1955இல் தாமே திரையிற் தோன்றினார். 1957இல் ‘மதர் இந்தியா’ படத்தால் பெரும்புகழ் எய்தினார். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1987இல் சமாதானம் வேண்டிப் பம்பாயிலிருந்து அமிர்தசரஸ் வரை கால்நடையாகச் சென்றார். 2005இல் மத்திய அமைச்சராக இருந்தபோதே காலமானார். தேயிலையின் பெயரால் நடந்த நிகழ்ச்சியை நாடிழந்த ஒருவர் நடத்தினார். தேயிலை பறித்த மக்களோ நாடற்றவராயிருந்தனர். வரலாறு சிலவேளைகளில் இங்ஙனம் இரு துயரங்களை அருகருகே வைத்துவிட்டு வாளாவிருக்கின்றது.

காலம் மாறியது. 1959இல் டில்லியில் அரும்பிய தொலைக்காட்சி 1972இல் பம்பாய்க்கும் 1975இல் சென்னைக்கும் வந்தது. இலங்கையிலே 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாகினியும் தோன்றின. குழந்தை நடிகையாகத் திரைக்கு வந்த தபஸ்ஸும் என்னும் அம்மையார் 1972இலிருந்து 1993 வரை தூர்தர்சனிலே கலைஞரைச் செவ்வி கண்டு நிகழ்ச்சி நடத்தினார். இந்தியத் தொலைக்காட்சித் தொகுப்பாளர்களுக்கு அவர் முன்னோடி. நமது இலங்கை வானொலியில் வளர்ந்த பி. எச். அப்துல் ஹமீட் அவர்கள் ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சியைத் தமிழகத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசென்றதையும் நேயர்கள் அறிவர். ஆகவே, இன்றைய திரைத் தொகுப்பாளரின் கலைக்குரிய வேர்களுள் ஒன்று கொழும்பின் ஒலிவாங்கியிலே உண்டு என்று நாம் பெருமையோடு கூறலாம்.

சயானியோ வானொலியையே தம் இல்லமாகக் கொண்டார். 1965இல் வெளிவந்த ‘பூத் பங்களா’, ‘தீன் தேவியான்’ முதலிய சில படங்களில் அறிவிப்பாளராகவே தோன்றினார். தமையனார் ஹமீத் 1975இல் மறைந்தபின் அவர் நடத்திவந்த ‘போர்ன்விட்டா’ வினாவிடைப் போட்டியை ஏற்று நடத்தினார். அப்போட்டி தொண்ணூறுகளில் தொலைக்காட்சிக்கும் சென்றது. எய்ட்ஸ் நோய் பற்றி மக்கள் பேசவே கூசிய காலத்தில், அதனைக் குறித்து 13 பகுதிகள் கொண்ட வானொலித் தொடரைத் தயாரித்தார். தாயின் ‘ரஹ்பர்’ இதழ் மகனின் குரலிலே தொடர்ந்ததென்றே இதனைக் கொள்ளலாம். கீத்மாலா 1989இல் விவித பாரதிக்கு மாறி 1994 வரை நடந்தது. இலங்கையில் அது ஒலித்த காலம் ஏறத்தாழ முப்பத்தாறு ஆண்டுகள். அவர் தயாரித்த நிகழ்ச்சிகள் 54,000க்கு மேற்பட்டவை என்பர். 2009இல் இந்திய அரசு ‘பத்மஸ்ரீ’ விருதளித்துச் சிறப்பித்தது. 2024 பெப்ரவரி 20ஆம் நாள், தமது 91ஆவது வயதிலே, மும்பையில் அவர் இயற்கை எய்தினார்.

நேயர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? முப்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் வகுப்பறையிலே நின்ற ஆசிரியன் என்னும் உரிமையால் ஒன்று கூறுவேன். நமது தோட்டப் பாடசாலைகள் எழுபதுகளில் அரசின் பொறுப்புக்கு வரத் தொடங்கின. ஆயினும் லயத்திலிருந்து வரும் பிள்ளையின் பேச்சைக் கேட்டு நகைக்கும் வழக்கம் முற்றாக மறையவில்லை. ‘தோட்டத்துத் தமிழ்’ என்று பேச்சுப் போட்டியிலே புள்ளியைக் குறைப்பதும் உண்டு. திருத்தமான உச்சரிப்பைக் கற்பிக்க வேண்டியது ஆசிரியர் கடமையே, அதில் ஐயமில்லை. ஆனால் பிழையைத் திருத்துவது வேறு, பிள்ளையை நாணச் செய்வது வேறு. முன்னது வாயைத் திறக்கும். பின்னது வாழ்நாள் முழுவதும் மூடிவிடும். உச்சரிப்புக்காக ஒதுக்கப்பட்ட அந்தப் பம்பாய் இளைஞர், பயிற்சி பெற ஓர் இடம் வாய்த்ததாலன்றோ உயர்ந்தார்? நமது பிள்ளைகளுக்கும் அத்தகைய இடம் வேண்டும். காலைக் கூட்டத்திலே செய்தி வாசிக்கும் வாய்ப்பு, நல்ல குரலுடைய பிள்ளைக்கு மட்டுமன்றித் தயங்கும் பிள்ளைக்கும் முறைவைத்து அளிக்கப்படுமாயின், அதுவே நல்ல தொடக்கம்.

மேடையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசப் புகும் இளைஞருக்கும் இதுவே என் வேண்டுகோள். ஒலிவாங்கியின் முன் நிற்கும்போது, மொனராகலையின் ஒரு இரப்பர்த் தோட்டத்திலோ பசறையின் ஒரு லயத்திலோ, பள்ளிப்படிப்பு முடிக்காத ஒரு தாய் கேட்டுக்கொண்டிருக்கின்றாள் என்று எண்ணுங்கள். அவளுக்கு விளங்குமாறு பேசுங்கள். அவள் பெயரைச் சொல்ல நேர்ந்தாற் பிழையின்றிச் சொல்லுங்கள். அவளை மதித்துப் பேசிய சொல் அறிஞர் செவிக்கும் இனிக்கும் என்பதை, ஓர் அன்னையின் மேசையிலே பயின்ற மகன் நாற்பதாண்டுகளுக்கு மேலாக நமக்குக் காட்டிச் சென்றுள்ளார்.